இரண்டாம் எழுத்தின் வாசல்

சோமனூரில் ஞாயிறு மாலைகளில் விசைத்தறிகளின் ஓசை சற்றே அடங்கியிருக்கும். அந்த ஓசைக் குறைவை நம்பித்தான் எங்கள் வாசிப்புக் கூட்டம் கூடுகிறது. ஐந்தாறு பேர், சில வாரங்களில் மூவர். அண்மையில் ஒரு ஞாயிறன்று, கூட்டம் நடக்கும் வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு மாணவி, தாளும் பென்சிலுமாக வந்து அமர்ந்தாள். பள்ளியில் ஆங்கிலச் சொல் விளையாட்டுப் போட்டி. 'க்யூ' இருக்க வேண்டும், அதன் பின்னால் 'யூ' வரக்கூடாது. அப்படிப்பட்ட சொற்களை அவள் திரட்டிக்கொண்டிருந்தாள். ஏமன் நாட்டார் மெல்லும் ஓர் இலையின் பெயர், சீன மரபில் உயிர்மூச்சைக் குறிக்கும் ஈரெழுத்துச் சொல் என அவள் பட்டியல் நீண்டது. எந்த எழுத்து எங்கே வந்தாலும் அதற்கொரு பட்டியல் அவளிடம் இருந்தது.

எழுத்தை எழுதி முடித்துவிட்டு, எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியரைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, தமிழ்ல இப்படி எழுத்த வெச்சுத் தேடறதுக்குப் பட்டியல் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு அம்மணி. நாமதான் அந்தக் கதவைச் சாத்திப்போட்டோம்" என்றார் அவர்.

அந்த விடையின் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

*

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடுவோம். எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் வேலை அங்கே விளையாட்டில் தொடங்கவில்லை, பாட்டில் தொடங்கியது. ஆங்கிலப் பாட்டின் ஒலியியைபு அடியின் இறுதியில் அமைவது. ஆகவே கவிஞனுக்கு ஒரே வகையில் முடியும் சொற்கள் தேவைப்பட்டன. ஜான் வாக்கர் என்பார் 1775இல் வெளியிட்ட அகராதி, சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தியது. முதலெழுத்து தெரியாதவனும் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய அது இடம் தந்தது.

விளையாட்டு பின்னால் வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரே நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கம் என்பர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து ஒரு பலகை விளையாட்டை அமைத்தார். அதுவே 1948இல் 'ஸ்க்ராபிள்' என்ற பெயரைப் பெற்றது. அதன் நூறு வில்லைகளில் 'ஈ' என்னும் எழுத்துக்குப் பன்னிரண்டு. 'க்யூ'வுக்கு ஒன்றே ஒன்று. அரிய எழுத்துக்கு மதிப்பெண் மிகுதி. ஆடுபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஈரெழுத்துச் சொற்களை. காலின்ஸ் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பட்டியலில் அவை 127. அவ்வாண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டவற்றுள் 'ஓகே'யும் ஒன்று. உலகமே சொல்லிக்கொண்டிருந்த ஒரு சொல், ஆட்டப் பலகைக்கு வர அத்தனை காலம் ஆயிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

*

127 ஈரெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யும் அந்தப் பெண்ணுக்கு, அவளுடைய மொழியில் ஓரெழுத்துச் சொற்களின் பட்டியல் ஒன்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. தேர்வுக்காகச் சொல்லியிருப்பார்கள், ஆட்டத்துக்காகச் சொன்னதில்லை.

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அவருடைய ஊராகிய சனகை, சோமனூருக்குக் கிழக்கே பெருந்துறையை அடுத்துள்ள சீனாபுரமே என்பது கொங்கு நாட்டார் போற்றிவரும் செய்தி. அந்நூல் ஓரெழுத்தொருமொழிகளை எண்ணிக் கணக்குச் சொல்கிறது. உயிரெழுத்தில் ஆறு, மகரத்தில் ஆறு, தகர, பகர, நகரங்களில் ஐந்தைந்து, ககர, வகர, சகரங்களில் நான்கு நான்கு, யகரத்தில் ஒன்று. இவை நாற்பதும் நெடில்கள். குறிலில் 'நொ', 'து' என்னும் இரண்டு. ஆக நாற்பத்திரண்டு. பூ, தீ, கை, வா, போ என நாம் நாள்தோறும் வழங்குபவையும் உண்டு. மதிலைக் குறிக்கும் 'சோ', மலரைக் குறிக்கும் 'வீ' போல நூலோடு நின்றுவிட்டவையும் உண்டு.

இந்தக் கணக்கு எவ்வாறு தொகுக்கப்பட்டிருக்கிறது என்பதே நம்மை வியக்க வைத்தது. பொருள்வாரியாக அன்று; எந்த எழுத்தின் வரிசையில் எத்தனை என்று எழுத்துவாரியாக. ஆட்டக்காரனுக்கு வேண்டிய முறையே அதுதான்.

நன்னூல் இன்னும் இரண்டு கணக்குகள் தருகிறது. சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் இருபத்திரண்டு. இறுதியில் வருபவை இருபத்துநான்கு. குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பும் ஒருவர் இவற்றை அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முதற்கட்டத்தில் ழகரமோ றகரமோ விழுந்தால், குறுக்கே வரும் விடை பிழை. இறுதிக் கட்டத்தில் ககர மெய்யோ தகர மெய்யோ விழுந்தாலும் அவ்வாறே. மெய்ம்மயக்க விதிகள் இடைக்கட்டங்களுக்கும் வழிகாட்டுகின்றன. 'க்' விழுந்தால் அடுத்த கட்டத்தில் ககர வரிசையன்றி வேறு வராது. ரகரமும் ழகரமும் ஒருபோதும் இரட்டிப்பதில்லை. வகுப்பறையில் வறண்ட விதிகளாகத் தோன்றுபவை, கட்டத்தின் முன் அமர்ந்தவுடன் சாவிகளாகிவிடுகின்றன.

*

ஆயினும் ஆசிரியர் சொன்ன 'சாத்திய கதவு' இதுவன்று. அது எதுகையின் கதவு.

ஆங்கிலக் கவிஞனுக்குச் சொல்லின் கடைசி எழுத்து எப்படியோ, தமிழ்க் கவிஞனுக்கு இரண்டாம் எழுத்து அப்படி. அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதே அடியெதுகை. முதலெழுத்து வேறாக இருக்கலாம், அளவில் மட்டும் ஒத்திருக்க வேண்டும். 'கட்டு' என்று தொடங்கியவனுக்குப் பட்டு, சுட்டு, விட்டு, தொட்டு ஆகியவை உதவும். 'பாட்டு' உதவாது, அதற்கு நாட்டு, ஓட்டு, கேட்டு என வேறொரு கூட்டம் உண்டு. எனவே தமிழில் பா இயற்றுபவன் ஒவ்வொருவனும் இரண்டாம் எழுத்தைக் கொண்டு சொல் தேடுபவனாகவே இருந்தான்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் அகராதி என்பது புரட்டிப் பார்க்கும் பொருளன்று. அது நெஞ்சில் இருந்தது. நிகண்டுகள் செய்யுளாக இயற்றப்பட்டதும், திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அவற்றை உருப்போட்டதும் அதனால்தான். 16ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுக்கும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. ககர எதுகைச் சொற்கள் ஓரிடத்தில், ஙகர எதுகைச் சொற்கள் அதையடுத்து எனச் செல்லும் முறை அது. இரண்டாம் எழுத்தே கதவு. உள்ளே நுழைந்தால் சொற்கள் கைகோத்து நிற்கும்.

1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' இயற்றினார். சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் வைத்த முயற்சி அது; 'அகராதி' என்ற பெயரே அதிலிருந்து நிலைபெற்றது என்பர். இப்போது முதலெழுத்தின் கதவும் திறந்தது.

இரண்டு கதவுகளையும் ஒரே வீட்டில் வைத்தவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். 1680இல் பிறந்து, மதுரை மிஷனைச் சார்ந்த பாதிரியாராகத் தமிழகம் வந்தவர். அந்த மிஷன் சோமனூரை அடுத்த கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே காலூன்றியது என்பதை இப்பகுதியினர் அறிவர். முனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, பெயருக்கேற்ப நான்கு பகுதிகள் கொண்டது. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, நான்காவதாகத் தொடையகராதி. முதல் பகுதி சொல்லைச் சொன்னால் பொருள் தரும். இரண்டாவது பொருளைச் சொன்னால் சொற்களைத் தரும். மூன்றாவது முக்கனி, நாற்படை போன்ற தொகைகளை விரிக்கும். தொடையகராதியோ எதுகைக்கு உதவும் சொற்களைத் திரட்டித் தருவது. பொருள் தெரியாமல், எழுத்து மட்டும் தெரிந்து வருபவனுக்காகவே அமைந்த பகுதி அது. சென்னைக் கல்விச் சங்கத்தின் வழியே 1824இல் இந்நூல் முழுமையாக அச்சேறியது.

மாணவி கேட்ட பட்டியல் இதுதான். வாக்கரின் ஆங்கில அகராதிக்கு நாற்பத்துமூன்று ஆண்டுகள் முந்தியது.

*

பயன்பாடு கடந்து, ஆட்டத்துக்காகவே எழுத்தைக் கொண்டு சொல் தேடிய மரபும் நம்மிடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும் மாலைமாற்றை 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ஒரு பதிகமாகப் பாடிவிட்டார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டக் கூட வேறு வேறு சொல் பிறப்பது எழுத்து வருத்தனம். குறைக்கக் குறைக்க வேறு சொல் பிறப்பது அக்கரச் சுதகம். தாமரையில் முதலெழுத்தை நீக்கினால் மரை என்னும் மான் வருவதைப் போல.

வினாவுத்தரம் என்றொரு வகை. சில வினாக்களைத் தொடுத்து, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் வர வேண்டும். நாமே ஒன்று கட்டிப் பார்த்தோம். செய்யுளுக்கு ஓரெழுத்துப் பெயர் யாது? பா. 'இடு' என்பதை ஓரெழுத்தில் எப்படிச் சொல்லலாம்? வை. இரண்டும் சேர்ந்தால் நிற்பவள் யார்? பாவை. இன்றைய ஆங்கில மறைபொருள் குறுக்கெழுத்தில் நாள்தோறும் வரும் உத்திகளுள் ஒன்று இதுவே.

இவற்றுள் கடினமானது நிரோட்டம். உதடு குவியாமலும் ஒட்டாமலும் பாட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் ப, ம, வ ஆகிய மெய்களும் விலக்கு. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தில் முருகன்மீது ஓர் அந்தாதி முழுவதையும் இவ்வாறு பாடினார். முருகனைப் பாட வந்தவருக்கு 'முருகன்' என்ற சொல்லே விலக்கு என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் நெஞ்சில் இருந்த அகராதியின் அளவு புலப்படும். 'இந்த எழுத்து கூடாது' என்பது இன்றைய கைப்பேசி விளையாட்டின் புதுமையன்று.

*

பிறகு எப்படிச் சாத்தப்பட்டது அந்தக் கதவு?

யாரும் வேண்டுமென்று சாத்தவில்லை. அச்சும் உரைநடையும் வந்தன. பாட்டெழுதுவதே எழுத்து என்ற நிலை மாறிற்று. எதுகை தேடுவோர் குறைய, பொருள் தேடுவோர் பெருகினர். வின்சுலோ 1862இல் வெளியிட்ட அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேல். இவை நம் மொழிக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த மாளிகைகளுக்கு வாசல் ஒன்றே. முதலெழுத்தை அறிந்தவனே உள்ளே போக முடியும்.

சொல் விளையாட்டு நம்மிடையே மீண்டும் வந்தபோது அது வேறு உடையில் வந்தது. 1930களில் ஆனந்த விகடன் முதலிய இதழ்கள் பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. விற்பனை பெருகியது, கூடவே, இது அறிவா சூதா என்ற வழக்கும் எழுந்தது. நாடு முழுவதும் பரவிய இந்த மோகத்தை அடக்க 1955இல் நடுவண் அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றியது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கட்டுதல், அடுக்குதல், மாற்றிச் சேர்த்தல் ஆகியவற்றால் அமையும் புதிர்களுக்குப் பரிசளிப்பதை அது வரையறுத்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957இல் உச்சநீதிமன்றம், திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது, சூதின் தன்மை உடையவற்றுக்கே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. எழுத்தை அடுக்குவது திறமை என்பதை நாம் நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கணினி வந்தபோது எல்லாக் கதவுகளும் ஒருங்கே திறக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆங்கிலத்துக்குத் திறந்தன. தமிழுக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. நமக்கு எழுத்து என்பது 247இல் ஒன்று. 'தறி' நமக்கு ஈரெழுத்து. யூனிகோடு முறையிலோ அது த, ற, இகரக் குறி என மூன்று இடங்களை அடைத்துக்கொள்கிறது. 'தொடை' நான்காகிவிடும். நேரடியாக எண்ணும் ஒரு நிரலிடம் ஈரெழுத்துச் சொற்களைக் கேட்டால் அது 'தறி'யைத் தராது. இரண்டாம் எழுத்தைக் கேட்டால், 'றி'யைத் தராமல் மொட்டையாக 'ற'வைத் தரும். 2010இல் தமிழக அரசு யூனிகோடுடன் டேஸ்-16 என்னும் குறிமுறையையும் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியிடம் உண்டு. ஆயினும் உலக வழக்கில் நிலைத்தது யூனிகோடே. ஆகவே தமிழில் சொல் விளையாட்டு அமைப்பவர்கள் சிதறிய குறிகளை முதலில் எழுத்தாக ஒட்டவைத்துவிட்டே எண்ணத் தொடங்க வேண்டும். 2021இல் ஜோஷ் வார்டில் வெளியிட்ட 'வேர்டில்' உலகெங்கும் பரவி, அதன் வழியில் தமிழ் வடிவங்களும் தோன்றியபோது, அவற்றை உருவாக்கியவர்கள் முதலில் விடை காண வேண்டியிருந்த கேள்வி, எழுத்து எனப்படுவது யாது என்பதே. தொல்காப்பியம் தொடங்கும் இடமும் அதுதான்.

*

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு ஆசிரியர் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்தார். முதல் பக்கத்தில் ஒரே சொல் எழுதியிருந்தார்: தறி. "அம்மணி, ரெண்டாவது எழுத்து றி. மொத எழுத்து குறில். சொல்லு பார்க்கலாம்" என்றார்.

தறி ஓடும் வீட்டில் பிறந்த பெண். முதலில் தயங்கினாள், பின் அருவியாகக் கொட்டினாள். அறி, உறி, எறி, கறி, குறி, கொறி, செறி, சொறி, தெறி, நெறி, பறி, பொறி, மறி, முறி, வெறி. தறியோடு பதினாறு. 'மறி' மட்டும் ஆசிரியர் எடுத்துக்கொடுத்தது. ஆட்டுக்குட்டி என்று பொருளும் சொன்னார். இந்தப் பதினாறும் பேரகராதியில் முதல் தொகுதியிலிருந்து ஆறாம் தொகுதி வரை சிதறிக் கிடப்பவை. ஓர் எழுத்தைப் பிடித்து இழுத்ததில் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டன.

பிறகுதான் சண்டை தொடங்கியது. அவள் பாவு, ஊடை, நாடா, தார், அச்சு என்று வீட்டுச் சொற்களை எழுதினாள்; யாரும் மறுக்கவில்லை. 'பீம்' என்றும் 'லூம்' என்றும் எழுதியபோது ஆசிரியர் பேனாவைத் தடுத்தார். லகரம் மொழிக்கு முதலில் வராது என்றார். "நம்மூர்ல எல்லாரும் சொல்றாங்களே, ஐயா" என்றாள். வாதம் நெடுநேரம் நடந்தது. நோட்டில் அவற்றைச் சேர்ப்பதா இல்லையா என்பதில் நாங்கள் இன்னும் ஒருமைப்படவில்லை. ஆனால் 'ஓகே'யை ஏற்க ஆங்கிலப் பட்டியலுக்கு 2019 வரை ஆயிற்று என்பதை ஒருவர் நினைவூட்டினார். பழையன கழிவதும் புதியன சேர்வதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று சொல்லியிருப்பவர் நம் பவணந்தியாரே என்பதை மற்றொருவர் நினைவூட்டினார். ஆசிரியர் சிரித்துவிட்டு, அவ்விரண்டையும் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதச் சொன்னார்.

எதை இழந்தோம் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது. சொற்களை இழக்கவில்லை, அவை அகராதியில் பத்திரமாக உள்ளன. அவற்றிடம் விளையாட்டாகப் போய்வரும் வழியை இழந்தோம். ஆங்கிலத்தில் அந்தப் பெண் சொற்களைத் தேடிப் போகிறாள்; தமிழில் சொற்கள் தேர்வுத்தாளாக அவளைத் தேடி வருகின்றன. எந்த மொழியில் விளையாட முடிகிறதோ அதில்தான் ஒரு பிள்ளை புதுச்சொல்லை அச்சமின்றித் தொடும்.

நன்னூலின் பாயிரத்தில் நூல் இயற்றுவது நூல் நூற்பதற்கு ஒப்பிடப்படுகிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, மதியே கதிர். பஞ்சும் நூலுமாக வாழும் ஊருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. பஞ்சு கிடங்கில் இருந்தால் போதாது, கைக்கு வர வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த நோட்டில் இப்போது பதினோரு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பில் 'பாவு' என்று அவள் எழுதிவைத்திருக்கிறாள். இரண்டாம் எழுத்து வு, முதலெழுத்து நெடில். வாசகர்களும் தத்தம் ஊர்ச் சொற்களோடு முயன்று பார்க்கலாம்.